ஒன்றும் விழாத ஓகே

ஆடி நோன்பு கழிந்த மறுநாள் காலை, பின்னலாடை ஊரின் பெரிய சாக்கடைப் பாலத்துக்கு மேற்கே இருக்கிற ஒரு பனியன் கம்பெனியில், ஒரிசாவிலிருந்து வந்த சுபாசினி என்கிற பெண் ஒரு பனியனைப் பார்த்து முடித்து வழக்கம்போல "ஓகே" என்றாள். அவள் வாயிலிருந்து உமி நீங்காத ஒரு நெல்மணி செக்கிங் டேபிளின் மேல் விழுந்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு சுற்று உருண்டு நின்றது. சுபாசினி அதை எடுத்து முகர்ந்து பார்த்து, இது எங்க வீட்டு வயல் நெல்லு அக்கா என்று எதிரில் இருந்த சாந்தாமணியிடம் சொல்லிவிட்டு, தாவணி முனையில் முடிந்துகொண்டு அடுத்த பனியனை எடுத்தாள். சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசாமல் இருந்தாலும் அது நிற்கவில்லை. அந்த டேபிளில் ஒரு பழக்கம் உண்டு. கழுத்து, தோள், கை, உடம்பு, அடிமடிப்பு எல்லாம் பார்த்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி மறுபடியும் பார்த்து, ஓட்டையும் எண்ணெய்க்கறையும் பிசிறும் இல்லையென்றால் வாய்விட்டு "ஓகே" என்று சொல்லித்தான் பீஸை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். சொல்லாமல் தள்ளினால் அது பார்க்காத பீஸ் என்று திரும்பி வந்துவிடும். அதனால் பொழுதன்றைக்கும் அங்கே ஓகே ஓகே என்று கேட்டுக்கொண்டே இருக்கும், கோயிலில் நாமம் சொல்வது மாதிரி. அன்றைக்கு மத்தியானத்துக்குள் டேபிளின் மேலும் கீழும் நெல்லும் கடுகும் உப்புக்கல்லும் வேப்பிலையும், ஒருத்திக்கு ஈரமண்ணும், புதுசாய்க் கல்யாணமான ஒருத்திக்கு மல்லிகை மொட்டும் கிடந்தன. முதலாளியோடு போனில் பேசிக்கொண்டே வந்த லைன் மாஸ்டர் குழந்தைவேலு, ஓகேங் சார், ஓகேங் சார் என்று சொல்லச் சொல்ல, சரளைக்கல் அவர் சட்டைப்பைக்குள் விழுந்து பை கிழிந்தே போனது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது. ஆட்டோக்காரர்கள் காலடியில் துருப்பிடித்த ஆணி கிடந்தது, கட்டிலில் கிடக்கும் மாமியாருக்கு மருந்து கொடுக்கும் மருமகள் காலடியில் காய்ந்த மிளகாய் கிடந்தது, ட்யூஷனுக்குப் போகச் சொன்ன பிள்ளைகளின் வாயிலிருந்து செத்த தட்டான்பூச்சி விழுந்தது. ஒரே ஆள் ஒரே நாளில் காலையில் துளசியும் மாலையில் கரித்துண்டும் உதிர்த்தார். ஒரு சொல்லுக்குள் இத்தனை இருக்கிறது என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. போதும் விடு என்பதும் அதுதான், பயமாயிருக்கிறது என்பதும் அதுதான், உன்மேல் கோபம் ஆனால் சொல்லமாட்டேன் என்பதும், நீ சொன்னால் கிணற்றிலும் குதிப்பேன் சாமி என்பதும் அதேதான். எல்லாவற்றையும் இத்தனை நாள் ஒரே பையில் போட்டுக் கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்பது, பை அவிழ்ந்து தரையில் கொட்டின பிறகுதான் தெரிந்தது.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. குப்பை வண்டியில் மக்குவது, மக்காதது, ஓகே என்று மூன்று டப்பா வைத்தார்கள். போனில் பேசுகிறவர்கள் எதிர்ப்பக்கம் ஓகே சொன்னதும், என்னங் விழுந்துச்சு என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் ஆணியைக் காலால் தள்ளிவிட்டு, பூவுங்க என்று பொய் சொல்லப் பழகிக்கொண்டார்கள். சிலபேர் இந்தத் தொந்தரவே வேண்டாமென்று சரி, ஆகட்டும், அப்படியே ஆச்சு என்று பேசிப் பார்த்தார்கள். பாதிப் பேச்சில் நாக்கு தானாக ஓகேக்கே போய் நின்றது. தலைமுறையாய் நடந்த தடத்தை விட்டு மாடு விலகாதில்லையா, அதுபோல.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அப்போதுதான் வந்தது. ரிட்டையர்டு ரயில்வேக்காரர் ரங்கபாஷ்யம் டீக்கடையில் உட்கார்ந்து, அது தந்திக் கம்பியில் வந்தது, ஒரு ஸ்டேஷன்காரன் அடுத்த ஸ்டேஷன்காரனுக்கு வண்டியை விடு என்று தட்டினது என்று அடித்துச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் அந்தோணி, அதெல்லாமில்லை, கப்பலில் சமையல்காரன் சோறு வெந்துவிட்டது என்று கத்தினது என்றார். பூசாரி அது ஓங்காரத்தின் வால் என்றார். துணி வாங்க வந்த வெள்ளைக்கார அம்மாவிடம் கேட்டால், அந்தம்மா தோளைத் தூக்கி, எங்கள் ஊரிலேயே ஆளுக்கொரு கதைதான், ஒருத்தர் காட்டுக்குடிகளின் பாஷை என்பார், ஒருத்தர் பத்திரிகைக்காரன் விளையாட்டாய்ப் பிழையாக எழுதினது என்பார், ஒருத்தர் எலெக்சனில் நின்ற ஆளின் பட்டப்பேர் என்பார், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, சாம்பிள் ஓகே என்றது. கூழாங்கல் ஒன்று விழுந்தது, அவர்கள் ஊர் ஆற்றினுடையதாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சாந்தாமணிக்கு ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளை, ஆனால் எல்லா வீட்டிலும் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வருகிறது. அவள் அதைச் சொல்லவில்லை. பிள்ளை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போகாமல் சுற்றிப் போவது இரண்டு வருஷமாய் அவளுக்குப் பழக்கம்.

அவளுடைய மூத்தவன் நவநீதன். பைக்கில் வரும்போது அவினாசி ரோட்டில் லாரிக்குப் பின்னால் மோதினான். ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினில் வைத்திருந்தார்கள். அவன் அப்பா துரைச்சாமி பழனிக்கு ஓடி, மலையேறி, சூடம் கொளுத்தி மகனைக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம், கண்ணாடி அறைக்கு வெளியே சாந்தாமணி தனியாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நல்ல மனுசர். பக்கத்தில் உட்கார்ந்து, மூளையில் இனி ஒன்றுமில்லையம்மா, மெஷினை எடுத்துவிடலாமா, ஓகேவா என்று மெதுவாகத்தான் கேட்டார். சாந்தாமணி "ஓகே" என்றாள். முப்பது வருஷமாய்ச் சொல்லிப் பழகின வாய், மனசு வந்து சேருவதற்கு முன்னால் தானாகச் சொல்லிவிட்டது. வாழ்நாளில் ஒரு பனியனைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அவள் ஓகே சொன்னதில்லை. அதை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்றையிலிருந்து அவளுக்குச் சுரணை என்பதே இல்லாமல் போனது. அழவில்லை, சண்டை போடவில்லை, சாமியிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. மாகாளியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள், விளக்குப் போட்டாள், கண்ணை மூடி நின்றாள், மூடின கண்ணுக்குள் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தாள். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு யாருடையதோ மாதிரி இருக்குமே, அதுபோல உடம்பு முழுக்க. யார் எதைக் கேட்டாலும் ஓகே. ரேஷன் கடையில் அரிசி இல்லையாம், ஓகே. வீட்டுக் கூரை ஓடு மாற்றணும், ஓகே. நவநீதன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா, ஓகே.

இப்போது ஊரெல்லாம் வாயிலிருந்து என்னென்னவோ விழுகிற காலத்தில் அவள் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் விழவில்லை. முதல் நாள் டேபிளுக்கு அடியில் தேடிப் பார்த்தார்கள். பொடியாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது என்று குழந்தைவேலு ஒரு வெள்ளைத்தாளை அவள் மோவாய்க்குக் கீழே பிடித்து, சொல்லுங்கக்கா என்றார். "ஓகே" என்றாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னாள், வெள்ளையாகவே இருந்தது.

அப்போதுதான் ஊர் அந்தத் தப்பைப் பண்ணியது. வேறே ஊர்க்காரர்களாக இருந்தால் இந்தப் பொம்பளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பார்கள். இவர்கள் கறையும் பிசிறும் ஓட்டையும் தேடியே கண் பூத்துப்போனவர்கள். ஒன்றும் இல்லையென்றால் அது நல்ல பீஸ் என்பதுதான் இவர்களுக்குத் தெரிந்த ஒரே நியாயம். அதனால், பயம் இல்லாத, கோபம் இல்லாத, உள்ளே ஒன்றை வைத்து வெளியே ஒன்றைச் சொல்லாத சுத்தமான ஓகே இந்த ஊரில் சாந்தாமணி அக்காவுடையது மட்டும்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

கம்பெனியில் அவளைக் கடைசி டேபிளில் உட்காரவைத்தார்கள். அவள் ஓகே சொன்ன பிறகுதான் பெட்டி ஒட்டுவார்கள். பிறகு வெளியாட்களும் வரத் தொடங்கினார்கள். புதுவீட்டுக்கு வாசற்கால் வைக்கிறவர்கள் வந்தார்கள், பையனுக்குப் பார்த்த பெண்ணின் போட்டோவைக் கொண்டுவந்தார்கள், ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த சீட்டைக் கொண்டுவந்தார்கள், ஒரு பெரியவர் தன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் அவள் ஓகே என்றாள். ஒன்றும் விழாததைக் குனிந்து பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கேன்டீனில், எங்க வூட்டுக்காரரு எதுக்கு ஓகேன்னாலும் பல்லி விழுகுது, சாந்தாமணி அக்காகிட்ட ஒருநாளைக்குப் பழக உடணும் என்று பெண்கள் சிரித்துக்கொண்டார்கள்.

சாந்தாமணி அதற்கும் கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. கல்லைச் சாமியென்று கும்பிட்டால் கல்லுக்கு என்ன தெரியும்.

அவளுடைய மகள் இந்துஜா மட்டும் கும்பிடவில்லை. சின்னவள் அவள், ஏற்றுமதி ஆர்டர் பார்க்கிற ஒரு மெர்ச்சண்டைசர் ஆபீசில் வேலை. ஒவ்வொரு சாயங்காலமும் அம்மா உட்கார்ந்து எழுந்த இடத்தைத் தனியாகக் கூட்டி, முறத்தில் அள்ளி, வாசல் வெளிச்சத்தில் வைத்து விரலால் கிளறிப் பார்ப்பாள். தூசியும் அம்மாவின் நரைமுடியும் பனியன் பஞ்சும் இருக்கும். ஒரு கடுகாவது, ஒரு முள்ளாவது கிடைக்காதா என்று பார்ப்பாள். அப்பாவின் ஓகேயில் பாதி எரிந்த சூடம் விழும், அதை அவரே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், அது அவளுக்குப் புரிந்தது. அம்மாவுடையதுதான் புரியவில்லை.

இந்துஜாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. கௌரிசங்கர் என்று பெயர், காங்கயம் பக்கம், சூரத்தில் மில்லில் வேலை, கட்டிக்கொண்டு அங்கேதான் போகவேண்டும். இந்துஜா அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது சொன்னாள், அம்மா, நான் போயிட்டா நீயும் அப்பாவும் தனியா இருக்கணும், ரயில்லயே ஒன்றரை நாளாகுமாம். சாந்தாமணி, ஓகே கண்ணு என்றாள். இந்துஜா வாருவதை நிறுத்திவிட்டு அம்மாவின் மடியைப் பார்த்தாள். சேலையில் அச்சடித்த பூக்கள் மட்டும் இருந்தன.

"நான் போறது உனக்குப் புடிக்கலைன்னா ஒரு ஆணியாச்சும் விழுகட்டும்மா," என்றாள். "ஒண்ணுமே உழுகாம என்னய எப்படி அனுப்புவ?"

சாந்தாமணி அதற்கும் ஓகே என்றாள்.

நிச்சயதார்த்தம் ஆவணியில், ஒரு நல்ல காலை நேரத்தில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. தட்டுகள் வரிசையாய் வைத்தாயிற்று. துரைச்சாமி இஸ்திரி போட்ட வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலுவும் சுபாசினியும் கம்பெனிப் பெண்களும் வந்திருந்தார்கள். சாந்தாமணி காலையிலிருந்து வாங்க வாங்க என்று எல்லாரையும் கூப்பிட்டாள், நடுவில் யாரோ கையில் கொடுத்த ஆவி பறக்கும் காபியை ஒரே மடக்கில் குடித்தாள், கொடுத்த பெண் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் நாச்சிமுத்து, பெண்ணைக் கொடுக்கச் சம்மதமா என்று முறைப்படி கேட்டார். துரைச்சாமி ஓகேங்க என்றார், பாதிச்சூடம் விழுந்தது, எல்லாரும் அவருக்காகத் தலைகுனிந்துகொண்டார்கள். பிறகு நாச்சிமுத்து சாந்தாமணியைப் பார்த்து, அம்மா, உங்களுக்கு ஓகேங்களா என்றார். பந்தலே எட்டிப் பார்த்தது.

"ஓகேங்க," என்றாள் சாந்தாமணி.

ஒன்றும் விழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள். நல்ல சகுனமுங்க, இந்த வாக்கு கிடைக்கறதுக்கு ஊரு வரிசையில நிக்குதுங்க என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். தட்டை மாற்றத் தூக்கினார்கள்.

இந்துஜா மணையிலிருந்து எழுந்து நின்றாள். "எங்கம்மா இன்னும் பதில் சொல்லலீங்க," என்றாள்.

நாச்சிமுத்துவின் கையில் தட்டு அந்தரத்தில் நின்றது. "சொன்னாங்களே அம்மிணி, அல்லாருந்தானே கேட்டோம்."

"அது பழைய ஓகேங்க. ஆஸ்பத்திரியில அண்ணனுக்குச் சொன்னது. அது இன்னும் முடியவே இல்லீங்க. அதுக்கப்புறம் எங்கம்மா எதுக்குமே ஓகே சொல்லலீங்க, ஊர்க்காரங்க வாசக்காலுக்கும் சொல்லல, ஆட்டுக்குட்டிக்கும் சொல்லல."

பேக்கிங்கில் மடித்து வைத்த பிறகும் சந்தேகம் வந்தால் பீஸ் ரீ-செக்குக்குத் திரும்பி வரும், அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். குழந்தைவேலுதான் முதலில் நகர்ந்து இடம் விட்டார். இந்துஜா பட்டுச்சேலையோடு அம்மாவுக்கு எதிரில், டேபிளில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். அம்மாவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மருந்தோடு வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றபோது அவள் காதில் விழுந்த டாக்டரின் அதே மெதுவான குரலில் கேட்டாள்.

"மெஷினை எடுத்துரலாங்களாம்மா? ஓகேவா?"

துரைச்சாமி எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார்.

சாந்தாமணியின் உதடு வழக்கம்போல ஓ என்று குவிந்தது. குவிந்தது அப்படியே நின்றது. அவளுடைய விரல்கள் முதலில் அசைந்தன. மகள் மடியில் இருந்த முந்தானையைக் கை தானாக எடுத்து விரித்தது, பனியனை விரிக்கிற மாதிரி. முதலில் கழுத்து. நவநீதனின் கழுத்தில் சின்ன வயசில் அம்மை போட்ட தழும்பு இருந்தது, அங்கே பெருவிரல் நின்றது. பிறகு தோள். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், பள்ளிக்கூடப் பையை ஒரே பக்கம் மாட்டி மாட்டி ஆனது. பிறகு கை, வலது, இடது, முழங்கையில் சைக்கிளில் விழுந்த அடையாளம். பிறகு நெஞ்சு. நெஞ்சு மெஷினுக்குத் தக்கபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அங்கே அவள் கை ரொம்ப நேரம் இருந்தது. அதற்குப் பிறகு, இரண்டு வருஷமாய்ச் செய்யாததைச் செய்தாள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள்.

பந்தல் காத்திருந்தது. சோறு ஆறியது, மேளக்காரர்கள் நாதஸ்வரத்தை உறையில் போட்டுவிட்டு ஓரமாய் உட்கார்ந்தார்கள், வெயில் பந்தலின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு நகர்ந்தது, குழந்தைகள் தூங்கின. மாப்பிள்ளை வீட்டார் வண்டிக்காரரிடம் இன்னும் நேரமாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவசரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. பீஸ் கையில் இருக்கும்போது செக்கரைத் தொடக்கூடாது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"ஓகே," என்றாள் சாந்தாமணி.

விழவில்லை. அவள் கீழுதட்டில் வெள்ளையாய் ஒரு நூல்முனை தொங்கியது. பிசிறென்று நினைத்து இந்துஜா பிடித்து இழுத்தாள், அது வந்தது, இன்னும் வந்தது, நிற்காமல் வந்தது. வெதுவெதுப்பான நூல், அப்போதுதான் நூல்மில்லில் ஸ்பிண்டிலிலிருந்து இறங்கினது போல. இந்துஜா கையில் சுற்றினாள், கை நிறைந்தது. துரைச்சாமி வந்து இரண்டு கையையும் சட்டம்போல நீட்டி உட்கார்ந்தார், அவர் கையில் சுற்றினார்கள். அதுவும் நிறைந்தபோது சுபாசினி வாங்கினாள், குழந்தைவேலு வாங்கினார், மாப்பிள்ளை கௌரிசங்கரும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வந்து கையை நீட்டினார். வரவர நூல் இறுகியது. கடைசியில் நின்றது. அறுந்தும் போகவில்லை, முழுசாய் வரவும் இல்லை. அந்தப் பக்கத்தில் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி விறைப்பாய் நின்றது.

யாரும் அதைத் தொடவில்லை. துரைச்சாமி மட்டும் நூல் சுற்றின கையோடு தலையைக் குனிந்து, முருகா என்றார்.

சாந்தாமணி இடுப்பில் துழாவினாள். பட்டுச்சேலை கட்டின நாளிலும் பழக்கதோஷத்தில் செருகியிருந்த பிசிறுக் கத்தரி அங்கே இருந்தது. எடுத்தாள். நூலை இரண்டு விரலால் பிடித்தபடி, உதடு அசையாமல் அம்மனிடமோ மகனிடமோ என்னவோ சொன்னாள், பக்கத்தில் இருந்த இந்துஜாவுக்கும் கேட்கவில்லை. பிறகு உதட்டுக்கு ஒட்டினாற்போல, பீஸ் பாழாகாமல் வெட்டுகிற மாதிரி, தானே வெட்டினாள்.

சத்தமே இல்லை. அவள் நாக்கால் மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கியது. காலையில் குடித்த காபியில் நாக்கு வெந்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இந்துஜாவைப் பார்த்து, சுடுது கண்ணு என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. இந்துஜா தன் சேலைத் தலைப்பைக் கொடுத்தாள், அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

தட்டு இன்னமும் நாச்சிமுத்துவின் கையில்தான் இருந்தது. பெரிய மனுசர், எதையாவது சொல்லியாகவேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பறமுங்க, பொண்ணு விசயம், ஓகேங்களாம்மா என்று கேட்டுவைத்தார்.

சாந்தாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் நூலோடு நின்றிருந்த கௌரிசங்கரைத் தலையிலிருந்து கால்வரை முதல்முறையாகப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், நீட்டின கையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "திருப்பிப் பாத்துட்டுச் சொல்றேன்."

மாப்பிள்ளை என்ன நினைத்தாரோ, கையில் சுற்றின நூல் கலையாமல், அடக்கமாய்த் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்.